ஊன் குறைப்போம், உலகு காப்போம்!

(திருமுடிவாக்கத்தில் தமிழன்பர்கள் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய பொழிவின் எழுத்துவடிவம்)



செம்பரம்பாக்கம் ஏரியின் மிகைநீரைத் திறந்துவிடும்பொழுதெல்லாம் அரசு ஒரு முன்னறிவிப்புச் செய்யும். சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை என அதில் ஊர்ப்பெயர்கள் வரிசையாக வரும். கரையோர மக்கள் விழிப்பாக இருக்கவேண்டும் என்று அது சொல்லும். 2015-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களின் முதல் இரு நாள்களில் அவ்வேரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் வெளியேறியது. அடையாற்றங்கரை ஊர்கள் அன்று பட்ட பாட்டை இங்குள்ள எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குப் பின் நான்காண்டுகள்கூட முழுமையாகக் கழியவில்லை. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் அதே ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. நமக்கு அருகிலுள்ள சிக்கராயபுரத்துக் கல்லுடைப்புக் குழிகளில் தேங்கிய நீரை எடுத்துத் தூய்மைப்படுத்திச் சென்னைக்குக் கொடுத்தார்கள். சூலை 12-ஆம் நாள் சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் தண்ணீர் வந்து இறங்கியது.

நீர் மிகுந்தால் மூழ்குகிறோம், குறைந்தால் வாடுகிறோம். இதற்குக் கரணியங்கள் பல. ஏரிகளைத் தூர்த்தோம், கால்வாய்களை அடைத்தோம், ஞாலமே சூடேறும்படி கரியையும் எண்ணெயையும் எரித்தோம். அவற்றைப் பற்றியெல்லாம் இம்மேடையில் பலரும் பேசிவிட்டனர். இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் கரணியம் நம் இலையிலேயே இருப்பது. அதனால்தான் அதைப் பற்றி நாம் பேசுவதில்லை. நாம் உண்ணும் ஊனைப் பற்றித்தான் சொல்கிறேன்.

சொன்னவுடனே உங்களுள் சிலர் நெற்றி சுருங்குவதைக் காண்கிறேன். "நம் இலையில் கை வைக்க இவர் யார்?" என்ற கேள்வி எழுவது இயல்பே. இந்நாட்டில் ஊனுணவைப் பற்றிப் பேசியவர்களுள் பெரும்பாலோர் அதனோடு குலத்தாழ்வையும் சேர்த்தே பேசினர். உண்பவனை இழிந்தவன் என்றனர். உண்ணாதவனைப் பிறப்பிலேயே உயர்ந்தவன் என்றனர். அந்தப் பேச்சுக்கும் என் பேச்சுக்கும் எள்ளளவும் உறவில்லை. எனவே அதை முதலில் தீர்த்துவிட்டுப் பின்னர்க் கணக்குக்குள் நுழைகிறேன்.

சொல்லிலேயே புகுந்த இழிவு

உண்டிச்சாலைகளின் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். ஒன்றில் 'சைவம்' என்றும் மற்றொன்றில் 'அசைவம்' என்றும் எழுதியிருக்கும். சிவனைத் தொழும் நெறிக்குச் சைவம் என்று பெயர். அப்பெயரைக் கத்தரிக்காய்க்கும் வெண்டைக்காய்க்கும் எதற்காக இட்டனர்? சரி, இட்டனர், எஞ்சிய உணவுக்குத் தமிழில் பெயரே இல்லையா? 'அ' என்னும் வடமொழி மறுப்பு முன்னொட்டை ஒட்டி, 'சைவம் அல்லாதது' என்று ஒதுக்கிவைத்தனர். உண்ணும் பெரும்பான்மையினரின் உணவுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. இன்னொருவர் உணவு அல்லாதது என்பதே அதன் பெயர்! மானமுள்ள மொழியினர் இதை ஏற்கலாமா?

நம் குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். அவர் பாடிய பெரியபுராணத்தில் கண்ணப்பர் வருகிறார். வேடர் குலத்தவர், தாம் வேட்டையாடிய ஊனைச் சுவைத்துப் பார்த்து இறைவனுக்குப் படைத்தவர். அறுபத்து மூவருள் அவர் ஒருவர். அவரை எந்தப் பலகையின் கீழ் அமர்த்துவது? அசைவச் சைவர் என்பதா? சேக்கிழார் அவரைத் தாழ்த்தவில்லை. அன்புக்கு அளவுகோலாக வைத்தார். எனவே ஊனுண்பவன் இழிந்தவன் என்பது தமிழ் நெறி அன்று. 'மரக்கறி உணவு', 'புலால் உணவு' என்ற நல்ல தமிழ்ச்சொற்கள் நமக்கு உள்ளன. ஈழத்தமிழர் இன்றும் காய்கறியை மரக்கறி என்றே வழங்குகின்றனர். அச்சொற்களில் உயர்வுமில்லை, தாழ்வுமில்லை. அவற்றையே நாமும் ஆளுவோம்.

நம் முன்னோர் ஊன் உண்டனர் என்பதை மறைக்க வேண்டா. கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையில், அவன் விருந்தில் ஊன் தின்று தின்றே பல் மழுங்கியதாகப் பொருநன் கூறுகிறான். ஆயின் அவன் யார் என்பதை நோக்குங்கள். பசியால் வாடி, கந்தல் உடுத்து வந்த பாணர் கூட்டத்தைச் சேர்ந்தவன். அது நாள்தோறும் நடந்த உணவன்று. வறியவன் வாழ்நாளில் ஒருமுறை பெற்ற வள்ளலின் விருந்து. வேட்டைக்குப் போனால் ஊன், விழா வந்தால் ஊன், விருந்தினர் வந்தால் ஊன். மற்ற நாள்களில் தினையும் வரகும் பயறும் கீரையும். பழந்தமிழர் உணவு அத்தகையதாகவே இருந்தது. ஊன் அருமையானதாக இருந்தது. அருமையாக இருந்ததால் மதிக்கவும் பட்டது.

இனி வள்ளுவரிடம் வருவோம். 26-ஆம் அதிகாரமாகப் புலால் மறுத்தலை வைத்தார். அது துறவறவியலில் அமைந்திருப்பதால் இல்லறத்தார்க்கு உரியதன்று என்று வாதிடுவோர் உள்ளனர். அந்த வழக்கை இங்கே தீர்க்க நான் வரவில்லை. ஆயினும் அவ்வதிகாரத்தில் அவர் சொல்லும் ஒரு கருத்து, துறவியைவிடக் கடைக்குப் போகும் இல்லறத்தானுக்கே மிகப் பொருந்தும். உண்பதற்காக வாங்குவோர் இல்லையென்றால் விற்பதற்காகக் கொல்வோரும் இருக்கமாட்டார் என்பதே அக்கருத்து. "கொன்றவன் எவனோ, நான் காசுதானே கொடுத்தேன்?" என்று எவரும் ஒதுங்கிக்கொள்ள அவர் இடம் வைக்கவில்லை. இன்றைய பொருளியலார் தேவைக்கேற்ப வழங்கல் அமையும் என்று நூல் நூலாக எழுதுவதை அவர் ஒரு குறளில் முடித்தார். என் பொழிவின் நடுக்கருத்தும் இதுதான்: திறவுகோல் வாங்குபவன் கையில் இருக்கிறது.

இன்றைய கறி எதனால் ஆனது?

இன்று நம் சந்தைக்கு வரும் கறியைப் பார்ப்போம். இந்திய நாட்டின் ஊன் விளைவு 2022-23-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 98 நூறாயிரம் தொன். அதில் பாதிக்கு மேல் கோழிக்கறி. 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 12 கோடிக்கு மேற்பட்ட கோழியினங்கள் இருந்தன. இந்தியாவிலேயே மிகுதி நம் நாட்டில்தான். முட்டைக்கு நாமக்கல், கறிக்குப் பல்லடம் என்று ஊர்ப்பெயர்களே தொழிற்பெயர்கள் ஆகிவிட்டன.

முற்றத்தில் மேய்ந்து, புழுவும் சிந்திய கூலமும் பொறுக்கித் தின்ற பாட்டியின் கோழி வேறு. 'பிராய்லர்' என்று ஆங்கிலப் பெயரால் வழங்கும் கறிக்கோழி வேறு. அது பொரித்த நாளிலிருந்து 40, 45 நாளில் இரண்டு கிலோ எடை எட்டுகிறது. உயிரெடை ஒரு கிலோ கூடுவதற்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தீனி உண்கிறது. சிறகும் குடலும் தலையும் காலும் நீக்கினால், நம் சட்டிக்கு வரும் ஒரு கிலோவுக்குத் தீனிக் கணக்கு இன்னும் ஏறும். அத்தீனி மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும். அதாவது வயலில் விளைந்த கூலத்தையும் பயற்றையும் கோழிக்கு ஊட்டி, அதில் ஒரு சிறுபங்கைக் கறியாகத் திரும்பப் பெறுகிறோம்.

அந்த மக்காச்சோளம் எங்கே விளைகிறது? பெரம்பலூர் போன்ற வானம் பார்த்த மாவட்டங்களில். கம்பும் வரகும் சோளமும் விளைந்த காடுகள் பல இன்று மக்காச்சோளக் காடுகள். உழவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. விலை எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் அவர் விதைப்பார். ஆனால் 2018-இல் படைப்புழு வந்து தாக்கியபொழுது, ஒரே பயிரை நம்பிய சிற்றுழவர் நட்டாற்றில் நின்றார். நஞ்சு தெளிக்கும் செலவும் அவர் தலையில் விழுந்தது. கோழி உண்டதன் கடனை உழவன் அடைத்தான்.

உலகெங்கும் இதே கதை. ஆக்சுபோர்டு ஆய்வர் ஒருவரும் சுவிட்சர்லாந்து ஆய்வர் ஒருவரும் 119 நாடுகளின் ஏறத்தாழ 38,700 பண்ணைகளைத் தொகுத்து ஆய்ந்து 2018-ஆம் ஆண்டு முடிவு வெளியிட்டனர். உலக வேளாண் நிலத்தில் 83 விழுக்காடு ஊன், பால், முட்டை, வளர்ப்பு மீன் ஆகியவற்றுக்காகவே பயன்படுகிறது. அவை நமக்குத் திருப்பித் தருவது உணவின் ஆற்றலில் 18 விழுக்காடும் புரதத்தில் 37 விழுக்காடுமே. பிரேசிலில் அமேசான் காடு அழிவதற்கு மாட்டு மேய்ச்சல் நிலம் ஆக்குவதே தலையாய கரணியம்.

நீரின் கணக்கு

நம் ஊர்க்காரர்க்கு நிலக்கணக்கைவிட நீர்க்கணக்கு எளிதில் விளங்கும். கோடை வந்தால் தண்ணீர்ச் சரக்குந்துக்கு (லாரிக்கு) வழிபார்த்து நிற்கும் மக்கள் நாம்.

நெதர்லாந்தின் துவெண்டே பல்கலைக்கழக ஆய்வர் இருவர் 2012-இல் ஒரு கணக்கு வெளியிட்டனர். ஒரு கிலோ உணவு விளைய உலக நடுவளவில் எத்தனை இலிட்டர் நீர் செலவாகிறது என்பது அது. மாட்டிறைச்சிக்கு 15,415, ஆட்டிறைச்சிக்கு 8,763, கோழிக்கறிக்கு 4,325, பயறுவகைக்கு 4,055, கூலத்திற்கு 1,644. பெரிய சரக்குந்து ஒன்று 12,000 இலிட்டர் கொள்ளும். மூன்று கிலோ கோழிக்கறிக்கு ஒரு சரக்குந்துக்கும் சற்று மிகுதியான நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் மயக்கம் வேண்டா. அந்நீர் முழுவதும் குழாய்நீர் அன்று. பெரும்பகுதி தீனிப்பயிர் நிலத்தில் விழும் மழைநீர். ஆயினும் அதே மழையும் அதே நிலமும் மாந்தர்க்கு நேரே உணவு விளைக்கக்கூடியவை. "பயறுக்கும் கோழிக்கும் கணக்கு ஏறத்தாழ ஒன்றாக இருக்கிறதே?" என்று கூர்மையாகக் கேட்பீர்கள். எடைக்கு எடை பார்த்தால் அப்படித்தான். ஆனால் உடல் வளர்க்கும் புரதத்தை அளவாகக் கொண்டு பாருங்கள். ஒரு கிராம் புரதம் பெற மாட்டிறைச்சிவழி 112 இலிட்டர், கோழிவழி 34, பயறுவழி 19.

இனி ஒரு வீட்டுக் கணக்கு. நால்வர் உள்ள குடும்பம் கிழமைக்கு (வாரத்திற்கு) மூன்று முறை ஒவ்வொரு கிலோ கோழிக்கறி ஆக்குகிறது என்று கொள்வோம். அதை ஒருமுறையாகக் குறைத்தால் ஆண்டுக்கு 104 கிலோ குறையும். அதன் நீர் 4,49,800 இலிட்டர். 37 சரக்குந்து நீர். குறைத்த கறிக்கு ஈடான புரதத்தைப் பயற்றிலிருந்தே பெற்றாலும், பயறு விளைய ஆகும் நீரைக் கழித்து ஏறத்தாழ 16 சரக்குந்து மிஞ்சும். ஒரு வீட்டுக்கு இவ்வளவு. ஒரு தெருவுக்கு, ஓர் ஊருக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

காற்றின் கணக்கு

ஆடு, மாடு, எருமை ஆகியவை அசைபோடும் விலங்குகள். அவற்றின் வயிற்றில் தீனி செரிக்கும்பொழுது மீத்தேன் என்னும் வளி உண்டாகி ஏப்பமாக வெளியேறுகிறது. நூறாண்டுக் காலத்தைக் கணக்கிட்டால், எடைக்கு எடை அது கரிவளியைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும். ஒன்றிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு, மாந்தரால் உண்டாகும் சூடேற்றும் வளிகளில் 14.5 விழுக்காடு கால்நடை வளர்ப்பால் வருவதாக 2013-இல் கணித்தது. 2023-இல் செய்த மறுகணக்கில் ஏறத்தாழ 12 விழுக்காடு என்றது. எப்படிப் பார்த்தாலும் எட்டில் ஒரு பங்குக்கு அருகில் நிற்கிறது. கடலும் காற்றும் சூடேறினால் பெருமழை இன்னும் பெருமழையாகும். வறட்சி இன்னும் வறட்சியாகும். அந்த இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்ளும் ஊர்களின் வரிசையில் திருமுடிவாக்கம் இருக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே சொன்னேன்.

ஒரு பேட்டையின் பெயர்

நமக்கு அண்மையிலுள்ள குரோம்பேட்டைக்கு அப்பெயர் எப்படி வந்தது? 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு அமைந்த குரோம் தோல் ஆலையால் வந்தது. அதற்கு முன் நம் மக்கள் ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்டனர். அதற்கு நாள் பிடிக்கும். ஆனால் அது மண்ணில் மக்கும். குரோமிய உப்பு வந்தபின் வேலை விரைந்தது, நஞ்சும் விரைந்தது. பம்மல், நாகல்கேணி, பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதிகளில் தோல் ஆலைகள் பெருகின. ஒரு கிலோ தோல் பதனிட 30 முதல் 40 இலிட்டர் நீர் வேண்டும். உப்பும் குரோமியமும் கலந்து அது கழிவாக வெளியேறும். அக்கழிவு இறங்கி அங்குள்ள கிணறுகள் கெட்டன.

1996 ஆகசுட்டு 28-ஆம் நாள், தில்லித் தலைமை முறைமன்றம் (உச்ச நீதிமன்றம்) வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. கெடுத்தவனே செலவைத் தாங்கவேண்டும் என்னும் நெறியை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அது ஏற்றது. ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 உருவா தண்டம் விதித்தது. அவ்வைந்தில் பல்லாவரம் அடங்கிய அன்றைய செங்கை மாவட்டமும் ஒன்று. கழிவைத் தூய்மைப்படுத்தும் பொது நிலையங்கள் பின்னர் வந்தன. ஆனால் கெட்ட நிலத்தடி நீர் தீர்ப்பைப் படித்துவிட்டுத் திருந்திவிடாது.

"தோலுக்கும் நாம் உண்ணும் கறிக்கும் என்ன தொடர்பு?" எனலாம். தோலுக்காக மட்டும் எவரும் ஆட்டை அறுப்பதில்லை. ஊனும் தோலும் ஓருடலின் இருபங்கு. ஒரு பங்கு இலைக்கு வந்தால் மறுபங்கு ஆலைக்குப் போகும். அதன் கழிவு நம் கிணற்றுக்கு வரும். கோழிக்கும் இதே நிலைதான். உயிரெடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கழிவு. அதை மூட்டையாகக் கட்டி இரவோடிரவாக ஏரிக்கரையிலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் வீசிச் செல்லும் இழிசெயலைப் புறநகர் எங்கும் காண்கிறோம். நாய்கள் கூடுகின்றன, நீர் நாறுகிறது.

இன்னொரு தீங்கு கண்ணுக்குத் தெரியாது. நெருக்கி அடைத்த பண்ணைகளில் கோழி விரைந்து பருக்கவும் நோயின்றி இருக்கவும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைத் தீனியில் கலந்தனர். வேறெந்த மருந்துக்கும் மசியாத நோய்க்கு மருத்துவர் இறுதியாகக் கையாளும் கோலிசுடின் என்னும் மருந்தையும் விட்டுவைக்கவில்லை. 2019 சூலையில் நடுவணரசு உணவு விலங்குகளுக்கு அதைக் கொடுப்பதைத் தடைசெய்தது. மாந்தன் உயிர் காக்கும் கடைசி அம்பைக் கோழியின் எடை கூட்டச் செலவழித்தால், நாளை நம் பிள்ளைகளுக்கு நோய் வரும்பொழுது எய்வதற்கு என்ன இருக்கும்?

எழும் வினாக்களும் விடைகளும்

முதல் வினா: "மாட்டிறைச்சிக்குத் தடைபோடுவோர்க்கு இது துணைபோகாதா?" போகாது, போகவும் விடமாட்டோம். 2017 மே 23-ஆம் நாள் நடுவணரசு, சந்தையில் கால்நடையை அறுப்புக்கு விற்பதைத் தடுக்கும் விதிகளை அறிவித்தது. ஒரே கிழமைக்குள் உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. எளிய மக்களுக்கு மலிவாகக் கிடைத்த உணவு மாட்டிறைச்சி. நல்ல நிலமும் நல்ல கூலமும் மறுக்கப்பட்ட மக்கள் அதை உண்டு உயிர்வாழ்ந்தனர். அவர்களை இழித்துரைக்கவும் அடிக்கவும் எவர்க்கும் உரிமையில்லை. அடுக்களைக்குள் காவலரை அனுப்புவது கொடுமை. கணக்கை அனுப்புவது கடமை. நான் ஆட்டையும் மாட்டையும் கோழியையும் ஒரே தட்டில் வைத்தே பேசுகிறேன். மாட்டை மட்டும் பிரித்தெடுத்துப் பேசுகிறவனுக்குச் சூழல் கவலை இல்லை. வேறு கவலை இருக்கிறது.

இரண்டாம் வினா: "அமெரிக்கன் ஆண்டுக்கு நூறு கிலோவுக்கு மேல் தின்கிறான், நாம் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தின்பதில்லை. முதலில் அவன் குறைக்கட்டுமே?" மெய்தான். அவன் குறைக்கவேண்டியது மிகப் பெரிது. அதை உரத்துச் சொல்வோம். ஆனால் நம் நாட்டின் நடுவளவு ஒரு போர்வை. கிழமைக்கு ஒருமுறையும் கறி காணாத குடிசையும், காலை முட்டை, நண்பகல் கோழி, இரவில் பொரித்த கோழி என்று உண்ணும் மாடிவீடும் அதற்குள் சேர்ந்தே கிடக்கின்றன. என் வேண்டுகோள் குடிசைக்கு அன்று, மாடிவீட்டுக்கு. அயலவன் தவற்றைப் பின்பற்றிச் சென்று, அவன் நின்ற இடத்தில் போய் நின்றபின் திரும்புவோம் என்பது அறிவாகாது.

மூன்றாம் வினா: "பிள்ளைகளுக்கு ஊட்டம் வேண்டாவா?" கட்டாயம் வேண்டும். சத்துணவில் தரும் முட்டையைப் பறிக்கவேண்டும் என்று எவனாவது சொன்னால் அவனை முதலில் எதிர்ப்பவன் நானாக இருப்பேன். கருவுற்ற தாய்க்கும் மெலிந்த குழந்தைக்கும் மருத்துவர் சொல்வதே சட்டம். மற்றவர்க்கு அளவு என்ன? 16 நாடுகளின் அறிஞர் 37 பேர் கூடி 2019-இல் ஓர் அளவை முன்வைத்தனர். ஆடு, மாடு போன்றவற்றின் ஊன் நாளுக்கு 14 கிராம். கோழி 29 கிராம். கிழமைக்குக் கணக்கிட்டால் முறையே ஏறத்தாழ 100 கிராமும் 200 கிராமும். உடலுக்கும் உலகுக்கும் ஏற்ற அளவு இதுவென்றனர். முழுதும் விடச் சொல்லவில்லை என்பதை நோக்குக.

நான்காம் வினா: "ஆடு வளர்த்துப் பிழைக்கும் ஏழைப் பெண் என்ன ஆவாள்?" அவளுடைய இரண்டு ஆடுகள் அவளுக்கு வைப்புநிதி. கூலம் விளையாத தரிசில் மேய்ந்து, நாம் உண்ண முடியாத தழையை உணவாகவும் எருவாகவும் மாற்றுபவை. அவற்றோடு எனக்குப் பகையில்லை. நாம் குறைவாக வாங்கி, வாங்குவதை அவளிடம் நல்ல விலைக்கு வாங்கினால் அவள் கெடமாட்டாள். கெடுவது தீனி ஆலையின் ஆதாயம் மட்டுமே.

வாங்குபவன் வலிமை

"நான் ஒருவன் குறைத்து என்ன ஆகும்?" என்போர்க்கு நம் நாட்டிலேயே ஆண்டுதோறும் ஒரு சான்று நடக்கிறது. புரட்டாசித் திங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல ஊனைத் தவிர்க்கின்றன. உடனே என்ன நிகழ்கிறது? கோழிக்கறி விலை இறங்குகிறது. பண்ணையாளர் வளர்ப்பைக் குறைக்கின்றனர். இதழ்களில் அது செய்தியாகிறது. எந்த அரசும் ஆணையிடவில்லை. எந்தச் சட்டமும் இயற்றவில்லை. வீடுதோறும் அடுக்களையில் எடுத்த முடிவு பல்லடத்துப் பண்ணை வரை போய் எட்டுகிறது. வள்ளுவர் சொன்ன வாங்குபவன் வலிமை இதுதான்!

அவர்கள் சமயநம்பிக்கையால் அதைச் செய்கின்றனர்; அது அவரவர் விருப்பம். ஆனால் ஒரு திங்கள் கட்டிவைத்து, தீவாளி அன்று இருமடங்காக அவிழ்த்துவிடுவதால் உலகுக்குப் பயன் குறைவு. அந்த அடக்கத்தை ஆண்டு முழுவதும் பரப்பி, அறிவோடு செய்வோம் என்றுதான் கேட்கிறேன்.

செய்யவேண்டியவை

ஒன்று: ஊனைக் கிழமைக்கு ஒரு நாளாக்குங்கள். ஏற்கனவே ஒரு நாளாக இருந்தால் அளவைக் குறையுங்கள்.

இரண்டு: கறியைக் குவியலாக இடாமல் சுவைக்காகச் சேர்க்கும் நம் பழைய சமையலுக்குத் திரும்புங்கள். கருவாட்டுக் குழம்பில் மொச்சையும் கத்தரிக்காயும் சேர்த்தவர் நம் தாயர். கால் கிலோ ஆட்டுக்கறியில் உருளையும் முருங்கைக்காயும் போட்டு எட்டுப்பேர்க்குக் குழம்பு வைத்தவரும் அவர்களே. வறுமை கற்றுத்தந்த அந்தத் திறம் இன்று அறிவியல் சொல்லும் நெறியாக நிற்கிறது.

மூன்று: துவரை, உளுந்து, கொள்ளு, காராமணி, பச்சைப்பயறு, நிலக்கடலை, முருங்கைக்கீரை, கேழ்வரகு, கம்பு ஆகியவற்றை நாள்தோறும் இலையில் வையுங்கள். பயறுச்செடி மண்ணுக்கும் உரமிடும்; வேரில் வாழும் நுண்ணுயிரால் காற்றிலிருந்து தழையூட்டத்தை எடுத்து நிலத்தில் சேர்க்கும்.

நான்கு: திருமணத்திலும் காதணி விழாவிலும் ஊன்சோற்றின் அளவை வைத்துப் பெருமையை அளக்கும் பழக்கத்தை விடுங்கள். மீந்து குப்பைக்குப் போகும் ஒவ்வோர் அண்டாச் சோற்றிலும் ஓர் ஏரியின் நீர்த்துளி இருக்கிறது.

ஐந்து: கழிவை ஏரியில் வீசும் கடையில் வாங்காதீர்கள். கழிவு எங்கே போகிறது என்று கடைக்காரரைக் கேளுங்கள், ஊராட்சியையும் கேளுங்கள். கேட்பாரின்றியே இத்தனையும் நடந்தன.

ஆறு: எவரையும் பழிக்காதீர்கள். பக்கத்து இலையை எட்டிப் பார்த்து முகம் சுளிக்கும் நாகரிகம் நமக்கு வேண்டா. உங்கள் இலையை மட்டும் திருத்துங்கள். மற்றவர் அதைக் கண்டு தாமே கேட்பர்.

தமிழ்ப் பெருமக்களே! மொழிக்கு எதை வேண்டினோமோ அதையே இன்று உணவுக்கும் வேண்டுகிறோம். பிறமொழிச் சொற்களால் வீங்கிய மொழியிலிருந்து தேவையற்றவற்றைக் களைந்தபொழுது தமிழ் மெலியவில்லை, வலிவு பெற்றது. இலையிலும் தேவைக்கு மேல் ஏறியதைக் களைந்தால் நாம் மெலியமாட்டோம். மண் வலிவு பெறும். தமிழைக் காப்பது, அதைப் பேசும் மக்கள் வாழ நீரும் நிலமும் இருந்தால்தானே பொருளுடையதாகும்? அடையாறு வறண்டு, கிணறு நஞ்சாகி, மக்கள் ஊரை விட்டகன்றபின் தூயதமிழ் பேச எவர் இருப்பர்?

எனவே நாளைக் காலை கடைக்குப் போகும்பொழுது ஒரு நொடி நில்லுங்கள். திறவுகோல் உங்கள் கையில் இருக்கிறது. அரை கிலோவைக் கால் கிலோ ஆக்குங்கள். மூன்று நாளை ஒரு நாள் ஆக்குங்கள். அதைக் கட்டாயத்தால் செய்யாமல் அறிவால் செய்யுங்கள். குலச்செருக்கால் செய்யாமல் உயிரிரக்கத்தால் செய்யுங்கள்.

ஊன் குறைப்போம்! ஏரி காப்போம்! உலகு காப்போம்!

வாழ்க தமிழ்! வளர்க தமிழ்நிலம்!